ஒரு சாண் தூரமும் ஒன்றேகால் பவரும்

சேலம் சிவதாபுரம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 43. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அதாவது 21 வருடமாக, வீட்டிலேயே கொலுசு வேலை. பட்டறையில் கொடுக்கும் வெள்ளிக் கண்ணிகளைக் கோத்து, பொடி வைத்துப் பற்றவைத்துத் திருப்பித் தர வேண்டும். கூலி எடைக் கணக்கு. ஒரு வருடமாகவே கண்ணி இரண்டிரண்டாகத் தெரிவதுபோல் இருக்கிறதாம். மாலை 4 மணிக்கு மேல் நெற்றியில் வலி. வேலையை வைத்துவிட்டு எழுந்தால் எதிர்ச்சுவர்க் கடிகாரமும் டவுன் பஸ்ஸின் பெயர்ப்பலகையும் சில நிமிடம் மங்கலாகவே இருக்கின்றன. காலையில் வாசல் வெளிச்சத்தில் ஓடுகிற வேலை, இரவு விளக்கில் ஓடுவதில்லை.

கடைவீதிக் கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் பரிசோதனை செய்து, ‘தூரத்துக்கு ஒன்றும் இல்லை, கிட்டத்துக்கு மட்டும் ஒன்றேகால்’ என்று ஒரு ரெடிமேட் கண்ணாடி கொடுத்தார்கள். பத்திரிகை படிக்க அருமையாக இருக்கிறது, கொலுசுக்கு உதவவில்லை. ‘முகத்துக்கும் கைக்கும் ஒரு சாண்தான் இருக்கும், அங்கே தெரியமாட்டேங்குது’ என்கிறார். பக்கத்து வீட்டக்கா, ‘கண்ணாடி போட்டுப் பழகினா பவர் ஏறிக்கிட்டே போகும், கழட்டி வை’ என்கிறார். மாமியார் பொன்னாங்கண்ணியும் கேரட்டும் தருகிறார். கணவர் கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லும் சொட்டு மருந்து ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். பட்டறைக்காரரோ, ‘கண்ணு போச்சுன்னா வேற வேலை பார்த்துக்கம்மா’ என்றுவிட்டார். கடைசியில் ஒரு வரி: 13 வயது மகன் போனை மூக்கருகே வைத்துப் பார்க்கிறான், அவனுக்கும் இப்படி ஆகிவிடுமா?

சகோதரி, உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ‘ஒரு சாண்’ என்று எழுதினீர்களே, அந்த அளவு கடைக்காரருக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கிட்டப்பார்வைக்கான அட்டையைக் கடைகளில் வழக்கமாக 40 செ.மீ. தூரத்தில், அதாவது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்துத்தான் பவர் பார்ப்பார்கள். படிக்கிறவருக்கு அது சரியான தூரம். உங்கள் வேலை நடப்பது 22 செ.மீ. தூரத்தில். அதற்கு வேறு கணக்கு.

கண் கிட்டத்தில் எப்படிப் பார்க்கிறது

கண்ணுக்குள் கருவிழிக்குப் பின்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. அதைச் சுற்றி வளையமாகச் சிலியரித் தசை. இரண்டையும் மெல்லிய இழைகள் இணைக்கின்றன. தூரத்தில் பார்க்கும்போது தசை தளர்ந்திருக்கும். அப்போது இழைகள் விறைத்து லென்ஸைச் சுற்றிலும் இழுத்துத் தட்டையாக வைக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது தசை சுருங்குகிறது, வளையம் சிறிதாகிறது, இழைகள் தொய்கின்றன, லென்ஸ் தன் இயல்பால் உருண்டு திரள்கிறது. தசை சுருங்கினால் லென்ஸ் இழுபடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. 1855இல் ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கியது இது. லென்ஸின் வடிவம்தான் மாறுகிறது என்பதை அதற்கு முன்பே 1801இல் இங்கிலாந்தின் தாமஸ் யங் தன் கண்ணிலேயே சோதித்துக் காட்டியிருந்தார்.

அதே நொடியில் இன்னும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. இரண்டு கண்ணும் மூக்கை நோக்கித் திரும்புகின்றன. உங்கள் தூரத்துக்கு ஒவ்வொரு கண்ணும் 7, 8 பாகை உள்ளே வர வேண்டும். கண்மணியும், அதாவது கருவிழியின் நடுவிலுள்ள கருந்துளையும், சுருங்குகிறது. மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. அதனால்தான் ஒன்று தளர்ந்தால் மற்றவற்றுக்கும் பாரம் ஏறி, ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்டால் கண்ணைக் காட்டாமல் நெற்றியைக் காட்டுகிறோம்.

வயது ஏற ஏற இந்த லென்ஸ் இறுகுகிறது. தசை சுருங்கினாலும் அது முன்போல் உருளுவதில்லை. இதற்குத்தான் வெள்ளெழுத்து என்று பெயர். யாருக்கும் விலக்கு இல்லை. கொலுசு வேலை செய்ததால் வந்ததும் இல்லை. ஒரு முழத்தில் வேலை செய்கிறவர் 47இல் உணர்வதை ஒரு சாணில் வேலை செய்கிற நீங்கள் 42இல் உணர்ந்துவிட்டீர்கள், அவ்வளவே.

உங்கள் கணக்கு

கண் எவ்வளவு முயல வேண்டும் என்பதை டயாப்டரில் அளக்கிறோம். 100ஐ செ.மீ. தூரத்தால் வகுத்தால் வரும். 40 செ.மீ.க்கு இரண்டரை. உங்கள் 22 செ.மீ.க்கு நாலரை. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உங்களிடம் இருப்பு, அதாவது உங்கள் கண்ணால் அதிகபட்சம் முயல முடிகிற அளவு, எவ்வளவு? பத்து வயதில் 15 டயாப்டர்வரை இருக்கும். 43இல் சராசரியாக ஐந்தரை. குறைந்த பக்கம் நாலேகால். உங்களுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். 5 இருக்கிற இடத்தில் நாலரையைச் செலவழித்து நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். தூக்க முடிகிற அதிகபட்ச மூட்டையைத் தலையில் வைத்தபடியே எட்டு மணி நேரம் நிற்பதற்குச் சமம். இருப்பில் பாதியை மிச்சம் வைத்தால்தான் தொடர்ந்து வேலை செய்ய முடியும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் நீங்கள் செலவிட வேண்டியது இரண்டரைதான். மீதி இரண்டைக் கண்ணாடி தர வேண்டும். கடையில் கொடுத்தது ஒன்றேகால். அதோடு உங்கள் இரண்டரை சேர்ந்தால் மூன்றேமுக்கால்; அது 27 செ.மீ.வரைதான் வசதியாகத் தெளியும். பத்திரிகை தெரிந்ததும் கொலுசு தெரியாததும் இதனால்தான். கடைக்காரர் தந்த பவர் தப்பில்லை, தூரம் தப்பு.

எழுந்ததும் கடிகாரம் மங்குவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். கண்ணாடியோடு நிமிர்ந்தால் மங்கத்தான் செய்யும். ஒன்றேகால் போட்ட கண்ணுக்கு 80 செ.மீ.க்கு அப்பால் தெளிவு இல்லை. கழற்றிய பிறகும் சில நிமிடம் மங்கினால், நாள் முழுக்க இறுகிய தசை உடனே தளர மறுக்கிறது என்று பொருள். அல்லது தூரத்துக்கே சிறிது ப்ளஸ் பவர் ஒளிந்திருக்கலாம். இளவயதில் லென்ஸ் அதை ஈடுகட்டிவிடும், நமக்கே தெரியாது. கம்ப்யூட்டர் பரிசோதனை இதைச் சில நேரம் தவறவிடும். கண் மருத்துவர் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் வெளிவரும். அப்படி முக்கால் பவர் இருந்தால், நான் மேலே சொன்ன இரண்டோடு அதுவும் சேரும்.

போகும் முன் வீட்டில் ஒரு சோதனை

கண்ணாடி இல்லாமல், பகல் வெளிச்சத்தில், பத்திரிகையின் வரி விளம்பர எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி (அழுத்தாமல்), தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். எழுத்து கலங்கித் திரும்பத் தெளியாத இடத்தில் நிறுத்தி, கண்ணின் ஓரத்திலிருந்து தாள்வரை மகனை நூலால் அளக்கச் சொல்லுங்கள். மூன்று முறை. பிறகு மறுகண். 20 முதல் 25 செ.மீ. என்றால் உங்கள் வயதுக்கு இயல்பு. 35, 40 என்று வந்தால், மேலே சொன்ன ஒளிந்த ப்ளஸ் பவரைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரெடிமேட் கண்ணாடி உங்களுக்கு ஆகாது, இரண்டு பக்கமும் ஒரே பவர்தானே அதில்.

அடுத்து, வழக்கம்போல் வேலைக்கு உட்கார்ந்து, கண்ணிலிருந்து கண்ணிவரை உள்ள தூரத்தையும் நூலில் எடுத்து முடிச்சுப் போடுங்கள். அந்த நூலையும் கோத்துப் பாதியான ஒரு கொலுசையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவோ, வேறு எந்தக் கண் மருத்துவமனையோ, ‘இந்த நூல் தூரத்தில் எட்டு மணி நேரம் வேலை’ என்று சொல்லுங்கள். சோதனைச் சட்டத்தில் லென்ஸைப் போட்டதும் அட்டையைப் படித்துக்காட்டி எழுந்துவிடாமல், கொலுசை அந்த நூல் தூரத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை.

எந்தக் கண்ணாடி

மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழிக்குச் செலவே இல்லை: வேலையை 30 செ.மீ.க்குத் தள்ளிவைப்பது. அந்தத் தூரத்துக்குத் தேவை மூன்றேகால் சொச்சம்தான். இப்போதிருக்கும் ஒன்றேகால் கண்ணாடியே போதும், கண்ணின் இருப்பில் பாதிகூடச் செலவாகாது. ஆனால் கண்ணி முன்னைவிடக் கால்வாசி சிறிதாகத் தெரியும். பெரிய கண்ணிக் கொலுசுக்கு ஒத்துவரும். பொடிக்கண்ணிக்கு வராது. ஒரு வாரம் செய்துபாருங்கள். தானாகவே கை மறுபடி மூக்கருகே வந்துவிட்டதென்றால் இந்த வழி உங்களுக்கில்லை.

இரண்டாவது, வேலைக்கென்றே தனிக் கண்ணாடி. முழு லென்ஸும் உங்கள் நூல் தூரத்துக்கான ஒரே பவர். நான் உங்களுக்குச் சொல்வது இதைத்தான். இதைப் போட்டால் அரை மீட்டருக்கு அப்பால் மங்கும். போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, படியிறங்கக் கூடாது. செய்யக் கொடுக்கும்போது கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை, கடைக்காரர்கள் ‘பி.டி.’ என்பார்கள், கிட்டப்பார்வைக்கு என்று சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் பார்க்கும்போது கண்மணிகள் உள்ளே வருவதால் அது தூரத்து அளவைவிடச் சில மி.மீ. குறையும். ரெடிமேடில் லென்ஸின் நடுப்புள்ளி பெரும்பாலும் அகலத் தள்ளி இருக்கும். ப்ளஸ் லென்ஸில் அப்படி இருந்தால் கண் இன்னும் உள்ளே திரும்ப வேண்டிவரும். ஏற்கெனவே 8 பாகை திரும்பிக் களைத்த கண்ணுக்கு அது கூடுதல் சுமை. நீங்கள் சொல்லும் ‘இரண்டிரண்டாக’ என்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம். ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மறைந்தால் இரு கண்களும் ஒன்றாகச் சேர்வதில் சிக்கல். மறையாமல் நிழல்போல் நின்றால் பவரிலோ லென்ஸிலோ.

லென்ஸ் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும், பாலிகார்பனேட் என்றால் இன்னும் நல்லது. பற்றவைக்கும்போது தெறிப்பது கண்ணுக்குத்தானே வரும். கண்ணாடி லென்ஸ் வேண்டாம்.

மூன்றாவது, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் வைத்த பைஃபோகல், புரோகிரசிவ். கடையில் இதைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவார்கள். படிப்பதும் ஆள்களைப் பார்ப்பதுமாக இருக்கும் வேலைக்கு நல்லவை. உங்களுக்கு, அவற்றில் கிட்டப்பார்வைப் பகுதி சிறியது, கீழே இருப்பது, அதுவும் 40 செ.மீ. கணக்கில் போடப்பட்டது. பார்வை எட்ட கழுத்தை வளைக்க வேண்டியிருக்கும். விலையும் கூட. இப்போது வேண்டாம். பட்டறைகளில் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். முடிந்த கொலுசைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம், தீ எரியும்போது மாட்டிக்கொண்டு குனியாதீர்கள்.

வாங்கும் முன் ஒன்று: சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறி இறங்கினால் லென்ஸின் பவரும் ஏறி இறங்கும். கட்டுப்பாட்டுக்கு வந்து சில வாரம் ஆகுமுன் செய்த கண்ணாடி வீணாகிவிடும். 40 தாண்டியதால் கண் அழுத்தமும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின், சில சளி, அலர்ஜி மாத்திரைகள் கூடக் கிட்டப்பார்வையைத் தற்காலிகமாக மங்கச் செய்யும். எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விளக்கு

காலை வாசலில் தெரிந்து இரவில் தெரியாததை மாமியார் மாலைக்கண் என்று நினைத்திருக்கலாம். மாலைக்கண் வந்தால் மங்கல் வெளிச்சத்தில் வழியே தெரியாது, தடுக்கி விழுவீர்கள். உங்களுக்கு நடப்பது வேறு. நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுருங்குகிறது. சிறிய துளை வழியே பார்க்கும்போது சற்று முன்பின் இருப்பதும் தெளிவாகத் தெரியும். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிந்து அந்தச் சலுகை போய்விடுகிறது. கீரையும் கேரட்டும் உடம்புக்கு நல்லவை, சாப்பிடுங்கள். இறுகிய லென்ஸை அவை இளக்கா. ஆமணக்கெண்ணெய், தாய்ப்பால், தேன் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

கூரையில் தொங்கும் டியூப்லைட் போதாது. உங்கள் தலை நிழலே வேலைமேல் விழும். வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கத் தோளுக்கு முன்னால், வேலைக்கு 40, 50 செ.மீ. மேலே, மூடி போட்ட ஒரு 9 வாட் எல்இடி விளக்கு. பல்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. வெள்ளி கண்ணாடிபோல் மின்னும் உலோகம். வெறும் பல்பின் ஒளி ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு புள்ளியாகப் பளிச்சிட்டு, பொடி விழுந்த இடத்தை மறைத்துவிடும். பால்வெள்ளை மூடி உள்ள பல்பு வாங்குங்கள். கீழே விரிக்கும் துணி வெள்ளையாக வேண்டாம், மங்கலான சாம்பல் அல்லது கரும்பச்சை.

கூர்ந்து பார்க்கும்போது இமைக்க மறக்கிறோம். தீயின் சூடும் மின்விசிறிக் காற்றும் சேர்ந்து கண்ணை உலர்த்தும். விசிறி முகத்துக்கு நேரே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, 20 அடிக்கு அப்பால் எதையாவது 20 விநாடி பாருங்கள். சேர்வராயன் மலையைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும். 6 மீட்டருக்கு அப்பால் எல்லாமே கண்ணுக்குத் தூரம்தான். தசை தளர இது உதவும். பவரைக் குறைக்காது.

பக்கத்து வீட்டக்காவும் கணவரும்

கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா? ஏறும், போடாவிட்டாலும் ஏறும். 50 வயதில் உங்கள் இருப்பு மூன்றரை அளவுக்கு வந்துவிடும்; அதே 22 செ.மீ.க்கு அப்போது இரண்டேமுக்கால் தேவைப்படும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், 60ஐ ஒட்டி ஓரளவு நின்றுவிடும். கழற்றி வைத்ததால் யாருக்கும் லென்ஸ் இளகியதில்லை. போட்டுப் பழகியபின் கழற்றினால் முன்னைவிட மோசமாகத் தோன்றுவது, தெளிவு எப்படியிருக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டதால்.

அந்தச் சொட்டு மருந்து பைலோகார்பின். கண் அழுத்தத்துக்கு நெடுநாளாகப் பயன்படுவதுதான். கண்மணியைச் சுருக்கி, மேலே சொன்ன சிறுதுளைச் சலுகையைச் சில மணி நேரம் தருகிறது. லென்ஸ் அப்படியேதான் இருக்கும். அமெரிக்காவில் 2021இல் வெள்ளெழுத்துக்கு என்று அனுமதிக்கப்பட்டது. இந்தியாவில் 2024இல் ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்து, அனுமதித்ததற்கு மேல் விளம்பரம் செய்ததாகச் சொல்லி அதே வருடம் செப்டம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை நிறுத்திவைத்தது. கண்மணி சுருங்கினால் விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் இருண்டு தெரியும். புருவ வலி சகஜம். அரிதாக விழித்திரை விலகலும் சொல்லப்பட்டிருக்கிறது. இரவில் தீயோடு வேலை செய்யும் உங்களுக்கு இது பொருந்தாது. கடையில் கேட்டு வாங்கி விடாதீர்கள்.

கண் பயிற்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லுவார்கள். பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சி, கண்கள் உள்ளே திரும்புவதில் குறை உள்ளவர்களுக்குப் பயன்படும். மருத்துவர் அந்தக் குறை இருக்கிறது என்று சொன்னால் செய்யுங்கள். வெள்ளெழுத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

பட்டறைக்காரருக்கு

‘கண்ணு போச்சு’ என்பது பொய் என்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டைக் காட்டியே சொல்லலாம். நீங்கள் தமிழ்நாடு பொற்கொல்லர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? தங்க நகை செய்பவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளிப் பொருள் செய்பவர்களும் சேரலாம். வயது 18 முதல் 60வரை. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய உதவிகளில் கண் கண்ணாடிச் செலவுக்கான உதவியும் ஒன்று. மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் விசாரியுங்கள். பதிவை முதலில் முடித்துவிட்டுக் கண்ணாடி வாங்குங்கள். மருத்துவர் சீட்டையும் பெயர் போட்ட கடை ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கடைவீதி ரெடிமேடுக்கு ரசீதும் இல்லை, சீட்டும் இல்லை.

மகனுக்கு உங்களுக்கு வந்தது இப்போது வராது. 13 வயதில் அவன் இருப்பு 14 டயாப்டருக்கு மேல். போனை 15 செ.மீ.யில் பிடித்தாலும் செலவு ஆறேமுக்கால், பாதிகூட இல்லை. அதனால்தான் வலி என்று சொல்லாமல் மணிக்கணக்கில் பார்க்கிறான். அவன் விஷயத்தில் பயம் வேறு: கண்ணுருண்டை நீண்டு, தூரம் தெரியாத மைனஸ் பவர் வருவது. மூக்கருகே வைத்துப் பார்ப்பதே அது வந்துவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். கரும்பலகை தெரிகிறதா என்று கேளுங்கள். நீங்கள் போகும் அன்றே அவனையும் கூட்டிப்போய்ச் சோதித்துவிடுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் வெயிலடிக்கும் வெளியில் விளையாடட்டும்.

காத்திராமல் அன்றே போக வேண்டிய நிலைமைகளும் உண்டு: ஒரு கண்ணில் மட்டும் திடீர் மங்கல், நேர்க்கோடு வளைந்து தெரிவது, விளக்கைச் சுற்றி வானவில் வளையத்தோடு கண்வலியும் வாந்தியும், மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திரை இறங்குவதுபோல் ஒரு பக்கம் மறைவது, திடீரென்று தோன்றும் இரட்டைப் பார்வை. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

புதுக் கண்ணாடி போட்ட முதல் மூன்று நாள், தரை மேலே வந்ததுபோல் இருக்கும், பழகிவிடும். இரண்டு வாரம் கழித்தும் நெற்றி வலி மாலை 4 மணிக்குச் சரியாக வந்துவிடுகிறது என்றால், முடிச்சுப் போட்ட அதே நூலை எடுத்து வேலை தூரத்தை மறுபடி அளந்துகொண்டு, கண்ணாடியோடு அதே மருத்துவரிடம் போங்கள்.